சதுக்கத்துக்கு ஒரு திண்ணை: ஹெல்சிங்கியின் ஓடி நூலகம்

பனிப்பாதை:

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: புத்தகம் அடுக்கி வைக்கிற கட்டடத்துக்கு எதற்கு 9.8 கோடி யூரோ? ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் இருக்கும் ஓடி நூலகத்தைத்தான் சொன்னார். அங்கே இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை, அதனால் இங்கே தனி இழை தொடங்குகிறேன். நான் இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. கட்டட வரைபட வேலை. வாரத்துக்கு இரண்டு நாளாவது ஓடிக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன். ஓடி என்றால் ஃபின்னிஷில் வாழ்த்துப்பா. ஊர் ஜனங்களிடம் பெயர் கேட்டபோது வந்து குவிந்த சுமார் 1,600 பெயர்களில் இருந்து எடுத்த பெயர் அது.

முதலில் இடத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய ரயில் நிலையத்தில் இறங்கி நாலு எட்டு நடந்தால் பெரிய திறந்தவெளி ஒன்று வரும், கன்சலைஸ்தோரி, அதாவது குடிமக்கள் சதுக்கம். அதன் தெற்கே கியாஸ்மா கலை அருங்காட்சியகம், 1998இல் திறந்தது. மேற்கே இசை மாளிகை, 2011. இசை மாளிகைக்கும் அந்தப் பக்கம், சாலையைத் தாண்டி, உயரமான படிகளுக்கு மேல் கருங்கல் தூண் வரிசையோடு நாடாளுமன்றம், அது 1931. கிழக்கு ஓரம்தான் வெகுகாலம் காலியாகக் கிடந்தது. அங்கேதான் ஓடி வந்தது.

இந்த வெளி சும்மா கிடந்த புறம்போக்கு கிடையாது. ஒரு காலத்தில் ரயில்வே யார்டு. சரக்கு ஓடிய காலம் போனபிறகு அந்தப் பழைய செங்கல் கிடங்குகளில் பழைய சாமான் சந்தை நடந்தது, பாட்டு, கூத்து எல்லாம் நடந்தது, ஜனங்களுக்கு மிகவும் பிடித்த இடமாகிவிட்டது. இசை மாளிகைக்காக அதை இடிக்கக் கூடாது என்று 2000இல் ஆயிரக்கணக்கானவர்கள் கைகோர்த்து அந்தக் கிடங்குகளைச் சுற்றி நின்றார்கள். கடைசியில் 2006 மே மாதம் தீப்பிடித்து, மிச்சம் இருந்ததும் போயிற்று. அதனால் இந்தச் சதுக்கத்தின் ஓரத்தில் யார் எதைக் கட்டினாலும், இந்த ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் ஒன்று இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஏஎல்ஏ என்கிற உள்ளூர்க் கட்டடக்கலை நிறுவனம் அந்தக் கடனை எப்படி அடைத்தது என்பதுதான் எனக்குப் பேச வேண்டிய விஷயம்.

என் பதில் ஒரே சொல்: திண்ணை. ஓடியின் முகப்பு முழுக்க ஸ்ப்ரூஸ் மரப்பலகை. சதுக்கத்தைப் பார்த்த பக்கம் அந்த மரம் நேராகத் தரைக்கு இறங்காமல் வில் போல வளைந்து, முன்னால் துருத்திக்கொண்டு வந்து கூரையாகி நிற்கிறது. அடியில் ஒரு தூண் கிடையாது. மழை பெய்தால், பனி கொட்டினால், ஆளுக்காகக் காத்திருந்தால், எல்லாரும் அதன் கீழே நிற்கிறார்கள். உள்ளே போனால்தான் ஆயிற்று என்றில்லை. நம் ஊரில் வீட்டுக்காரன் தன் மனையில் இரண்டடி விட்டு வழிப்போக்கனுக்குத் திண்ணை கட்டினானே, அதே காரியம். முதல் தடவை அதன் கீழே நின்றபோது எனக்குப் பாட்டி வீட்டு நினைவு வந்து தொண்டை அடைத்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

கொத்தனார்மகன்:

அருமையான தொடக்கம். நான் கோவையில் கட்டமைப்புப் பொறியாளர். "அடியில் ஒரு தூண் கிடையாது" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள், ஆனால் கதையே அங்கேதான் இருக்கிறது, அதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

இந்த மனைக்கு அடியில் நகரத்தைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் ஒரு கார்ச் சுரங்கப் பாதைக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதாவது நாளைக்கு அடியில் தோண்டினாலும் தோண்டுவோம், நீ கட்டடம் கட்டினாலும் நடுவில் பாரம் இறக்காதே என்று நிபந்தனை. சாதாரணமாக இதைக் கேட்டால் எங்கள் ஆட்கள் முதலில் தலையில் கை வைப்போம். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், கட்டடத்தையே ஒரு பாலமாக நினைத்துவிட்டார்கள். 100 மீட்டருக்கு மேல் தாண்டுகிற இரண்டு பெரிய எஃகு வளைவுகள், நெடுக்கு வாட்டில். அந்த வளைவு காலை விரித்து வெளியே தள்ளப் பார்க்குமே, அந்த விசையைத் தரைக்கடியில் ஒரு கான்கிரீட் இழுவைத் தளம் பிடித்துக்கொள்கிறது. வில்லுக்கு நாண் மாதிரி. மேல்மாடிகளை இந்த வளைவுகள்தான் தாங்குகின்றன. விளைவாகத் தரைத்தளம் முழுக்க வெட்டவெளி மாதிரி ஆகிவிட்டது, சதுக்கம் அப்படியே உள்ளே நடந்து வருகிறது.

இன்னொன்று கவனியுங்கள். வளைவுகளும் அவற்றோடு சேர்ந்த சட்டங்களும் நடு மாடி வழியாகக் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. அங்கே பெரிய கூடம் போட முடியாது. அதனால் அந்த மாடியைச் சின்னச் சின்ன அறைகளாக, மூலைமுடுக்குகளாகப் பிரித்து, ஒலிப்பதிவு அறை, தையல் மெஷின், முப்பரிமாண அச்சுக் கருவி, கூடிப் பேசும் அறை என்று வைத்துவிட்டார்கள். எஃகு எங்கே வருகிறது என்று பார்த்து அதற்கேற்ற வேலையை அங்கே வைத்திருக்கிறார்கள். பிற்பாடு நகரம் அந்தச் சுரங்கத் திட்டத்தையே கைவிட்டது. தோண்டாத ஒரு சுரங்கம்தான் இந்தக் கட்டடத்துக்கு இந்த வடிவத்தைக் கொடுத்தது. தொழில் செய்கிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. மனையின் குறையை எதிரியாக நினைத்திருந்தால் நடுவில் தடித்தடியாகச் சுவர் எழுப்பி எங்கேயோ சமாளித்திருப்பார்கள்.

நடுவீதி:

எல்லாம் சரி, ஆனால் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டதே நான்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று மாடி, 17,250 சதுர மீட்டர். அதில் புத்தகம் இருப்பது மேல்மாடியில் மட்டும். கீழே உணவகம், சினிமா, கூடம். நடுவில் தையல் மெஷின். இதை நூலகம் என்று சொல்லி அரசிடம் பணம் வாங்குவது நியாயமா? மத்திய அரசின் பங்கே 3 கோடி யூரோ, நாட்டின் சுதந்திர நூற்றாண்டுக்காகக் கொடுத்தது. அந்தப் பணத்தில் புறநகரில் எத்தனை கிளை நூலகங்களைப் பழுதுபார்த்திருக்கலாம்? எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மழை வந்தால் நாளிதழ் அடுக்கை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்காரவே முடியும். அந்த வலியோடுதான் கேட்கிறேன். நகர மையத்தில் அழகாக ஒன்று கட்டிவிட்டு மற்றதை மறந்துவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

ஏட்டுச்சுவடி:

நான் 31 வருடம் நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நடுவீதி தம்பி கேட்டதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் புத்தகக் கணக்கு. ஓடியின் மேல்மாடியில் சுமார் 1,00,000 புத்தகங்கள். கையை நீட்டி எடுக்கிற திறந்த அடுக்கில் அத்தனை என்பது குறைவு இல்லை. அதோடு ஹெல்சிங்கியும் பக்கத்து நகரங்களும் ஒரே வலைப்பின்னலில் இருக்கின்றன, வேறு கிளையில் இருக்கிற புத்தகத்தை முன்பதிவு செய்தால் இங்கே வந்து சேரும். திரும்பி வருகிற புத்தகங்களைக் கீழே அடித்தளத்தில் இயந்திரம் பிரித்துப் பெட்டியில் போட, சின்ன ரோபோ வண்டி அதை லிஃப்டில் மேலே கொண்டுபோகிறது. இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நூலகத்தில் வேலை செய்யாதவர்களுக்குப் புரியாது. என் இடுப்பு வலியே தள்ளுவண்டி தள்ளி வந்ததுதான். அந்த நேரம் மிச்சமானால் நூலகர் வாசகரோடு பேசலாம்.

இரண்டாவது, நூலகம் என்றால் என்ன என்பதை அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த பொது நூலகச் சட்டம், வாசிப்போடு நிற்காமல் குடிமக்களின் பங்கேற்பு, ஜனநாயகம், கருத்துச் சுதந்திரம் இவற்றை வளர்ப்பதையும் நூலகத்தின் வேலையாக எழுதி வைத்திருக்கிறது. சதுக்கம் ஓரத்தில், நாடாளுமன்றத்துக்கு எதிரில் நூலகத்தை வைத்ததற்கும் அந்தச் சட்டத்துக்கும் ஒரே மனம்தான். தையல் மெஷின் விஷயத்தில் நான் முழு ஆதரவு. வீட்டில் மெஷின் வாங்க முடியாத ஒரு பெண் அங்கே வந்து பிள்ளைக்குச் சட்டை தைத்துப் போனால், அவள் அப்படியே மேலே ஏறி ஒரு புத்தகமும் எடுப்பாள். நான் வேலை பார்த்த இடத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வந்த பையன்கள்தான் பிற்பாடு நாவல் கேட்டு வந்தார்கள்.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. மேல்மாடி முழுவதும் ஒரே திறந்த கூடம். குழந்தைகள் பகுதியும் பெரியவர்கள் வாசிக்கிற இடமும் ஒரே கூரையின் கீழ், நடுவில் முழுச்சுவர் இல்லாமல். தளம் இரண்டு முனையிலும் மேடாக ஏறுகிறது, பார்க்க அழகுதான், ஆனால் சத்தம் தங்கு தடையில்லாமல் பரவும் என்பது படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆழ்ந்து படிக்க அமைதி வேண்டுகிறவருக்கு அங்கே என்ன வழி? பனிப்பாதை, நேரில் போகிறவர் நீங்கள், சொல்லுங்கள்.

பனிப்பாதை:

அக்கா சொல்வது உண்மை, நான் கட்டடத்தின் மேல் இருக்கிற ஆசையில் அதை மறைக்கப் போவதில்லை. சனிக்கிழமை மதியம் மேல்மாடியில் கனமான புத்தகம் படிக்க முடியாது. தள்ளுவண்டிக் குழந்தைகள் வரிசையாக நிற்கும், தரை சரிவில் பிள்ளைகள் உருண்டு விளையாடுவார்கள். நடு மாடியில் அமைதிக்கென்று ஒரு வாசிப்பு அறை இருக்கிறது, அங்கே போய்விட வேண்டும். ஆனால் அமைதி நடுவிலும் இரைச்சல் மேலேயும் என்பது தலைகீழ்தான். வரைபடத்தில் கீழே ஆரவாரம், மேலே சாந்தம் என்றுதான் எண்ணியிருப்பார்கள். கண்ணாடி வழியாக நாலாபக்கமும் வெளிச்சம் வருகிற இடத்துக்குத்தான் ஜனங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அதுவும் நவம்பர் இருட்டில், அதை யாராலும் தடுக்க முடியாது.

நடுவீதி, பண விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர் எல்லா அழகான கட்டடத்துக்கும் தலையாட்டிய ஊர் இல்லை. அதே சமயம் தெற்குத் துறைமுகத்தில், பழைய சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில், நியூயார்க்கின் குகன்ஹைம் கலை அருங்காட்சியகத்தின் கிளை ஒன்றைக் கட்டப் பெரிய முயற்சி நடந்தது. உலகப் போட்டி வைத்தார்கள், 1,715 வடிவமைப்புகள் வந்தன, 2015இல் பாரிஸைச் சேர்ந்த ஒரு நிறுவனம் வென்றது. வரைபடம் தயார், கறுப்பு மர முகப்பு எல்லாம் தீர்மானம் ஆகிவிட்டது. 2016 கடைசியில் நகர மன்றத்தில் வாக்கெடுப்பு வந்தபோது 53க்கு 32 என்று தள்ளிவிட்டார்கள். ஓடிக்கு 2015 ஜனவரியில் அதே மன்றம் கொடுத்தது 75க்கு 8. அந்த எண்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இரண்டுமே பண்பாட்டுக் கட்டடங்கள், இரண்டுமே சதுக்கம் ஓரம், இரண்டுக்கும் போட்டி வைத்தே வடிவம் தேர்ந்தார்கள். ஒன்று வெளியில் இருந்து பெயரைக் கொண்டுவந்து இறக்குகிற காரியம், மற்றது ஜனங்களிடம் கேட்டுக் கேட்டுக் கட்டியது.

கேட்டார்கள் என்று சும்மா சொல்லவில்லை. போட்டிக்கு முன்பே "உனக்கு இந்த நூலகத்தில் என்ன வேண்டும்" என்று கனவு மரம் என்ற பெயரில் யோசனை சேர்த்தார்கள், ஆயிரக்கணக்கில் வந்தன. 2012இல் 1,00,000 யூரோவை ஒதுக்கி, முன்னோட்டமாக என்னென்ன செய்து பார்க்கலாம் என்பதை ஜனங்களையே தீர்மானிக்க வைத்தார்கள். அந்த வருடம் தொடங்கிய கட்டடக்கலைப் போட்டிக்கு 544 வடிவமைப்புகள் வந்தன. வரைந்தவர் பெயர் தெரியாமல்தான் நடுவர்கள் பார்த்தார்கள். அப்படித்தான் 2013இல் ஏஎல்ஏ வென்றது. திறந்தது 2018 டிசம்பர் 5, சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள். முதல் ஆண்டிலேயே 31 லட்சம் வருகைகள். அப்போது ஹெல்சிங்கியின் மக்கள்தொகையே ஏழு லட்சத்துக்குள்தான்.

ஆனால் கிளை நூலகங்களை மறந்துவிட்டு மையத்தில் கட்டக் கூடாது என்று சொன்னீர்களே, அதை நான் மறுக்கவே மாட்டேன். இங்கே கிளைகள் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தன, அதன் உச்சியில்தான் இது வந்தது. அடித்தளம் இல்லாத ஊரில் உச்சியை மட்டும் காப்பியடித்தால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும்.

முற்றம்:

அண்ணா, நான் சென்னையில் கட்டடக்கலை நான்காம் ஆண்டு. திண்ணை என்று சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனாலேயே ஒரு கேள்வி. எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் யார் வேண்டுமானாலும் ராத்திரி படுத்துவிட்டுக் காலையில் போவார்கள் என்று சொல்வார். யார் என்று கேட்க மாட்டார்களாம். ஆனால் எல்லாத் தெருவிலும் எல்லாருக்கும் அந்தத் திண்ணை இருந்ததா என்றால் இல்லை, சாதி பார்த்துத்தான் உட்காரவிட்டார்கள், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓடியில் எப்படி? வீடில்லாதவர் வந்தால், குடித்துவிட்டு வந்தால், இருபது பையன்கள் சேர்ந்து வந்து சத்தம் போட்டால்? கூரையை நீட்டுவது வடிவமைப்பாளரின் வேலை, அதன் கீழே யார் நிற்கலாம் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்களே. ஸ்டூடியோவில் நாங்கள் "எல்லாருக்குமான இடம்" என்று வரைபடத்தில் எழுதிவிட்டு நாலு மனித உருவத்தை ஒட்டிவிடுகிறோம், அதில் ஒருவர்கூடக் கிழிந்த சட்டை போட்டிருக்க மாட்டார்.

பனிப்பாதை:

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான் தங்கச்சி. திண்ணையின் மறுபக்கத்தைச் சொன்னதற்கும் நன்றி, நான் பாட்டி வீட்டுப் பாசத்தில் அதை விட்டுவிட்டேன்.

நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். உள்ளே போக அட்டை வேண்டாம், காசு வேண்டாம், எதுவும் வாங்க வேண்டாம். பாதுகாப்பு ஆட்கள் இருக்கிறார்கள், சண்டை சச்சரவு வந்தால் வருவார்கள். மாலையில் வாசல் பக்கம் விடலைப் பையன்கள் கூட்டம் கூடும், சில நாள் ரகளையும் நடக்கும், அதைப் பற்றி ஊரில் புகார் பேச்சு உண்டு. ஆனால் போன ஜனவரியில் மைனஸ் 18 இருந்த ஒரு நாள், பெரிய பை இரண்டு வைத்துக்கொண்டு ஒரு முதியவர் கீழ்த்தளத்தில் சதுரங்கப் பலகைக்கு முன்னால் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். ஊழியர் ஒருவர் வந்தார், எழுப்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எதிரில் உட்கார்ந்து இரண்டு காய் நகர்த்தி விளையாடிவிட்டு வேலைக்குத் திரும்பினார். அதை நான் வரைபடத்தில் எந்த அடுக்கில் போடுவேன் என்று தெரியவில்லை.

நடு மாடியிலிருந்து மேலே போகும் சுருள் படிக்கட்டில் ஒரு கலைப்படைப்பு இருக்கிறது, ஓட்டோ கார்வோனென் செய்தது. இந்த நூலகத்தை யாருக்குக் காணிக்கையாக்கலாம் என்று ஜனங்களைக் கேட்டு, வந்த சொற்களைப் படிக்கட்டின் சுவர் நெடுக எழுதி வைத்திருக்கிறார். மேலே ஏறும்போது வகை வகையான மனிதர்களை வாசித்துக்கொண்டே ஏறுகிறோம். நீ கேட்ட கேள்வியை அந்தச் சுவர் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பனங்கூடல்:

நான் யாழ்ப்பாணம். இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தனான், ஒன்றைச் சொல்லாமல் போக ஏலாது.

1,00,000 புத்தகங்கள் என்று ஏட்டுச்சுவடி அக்கா எழுதின இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். 1981இல் எங்கட பொது நூலகம் எரிந்தபோது போனது ஏறத்தாழ 97,000 என்று சொல்லுவார்கள். எண்ணிக்கையாகக் கேட்டுப் பழகிய தொகை அது. ஒரு முழு மாடி நிறைய, சன்னலுக்குச் சன்னல் அடுக்கு என்று இன்றைக்குத்தான் கண்ணுக்குள் வந்தது. எங்கட நூலகமும் முற்றவெளிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, திறந்தவெளியும் நூலகமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எங்களுக்கும் தெரிந்த காட்சி. அதனால்தான் கேட்கிறேன், அண்ணை, ஓடியின் மொட்டைமாடியில் நின்றால் நாடாளுமன்றம் நேரே தெரியும் என்று எங்கேயோ வாசித்தேன். அது வேணுமென்றே செய்ததா, இல்லை தற்செயலா?

பனிப்பாதை:

வேண்டுமென்றே செய்ததுதான். முகப்பு வளைந்து திண்ணையாகிறது என்றேனே, அந்தத் திண்ணையின் மேல்பக்கம்தான் அந்த மொட்டைமாடி. அதன் பெயரே குடிமக்கள் மாடம். நாடாளுமன்றப் படிகளின் மேல் தளம் எந்த உயரமோ ஏறக்குறைய அதே உயரத்தில் இதையும் அமைத்தார்கள். சட்டம் செய்கிறவர் அங்கே படியில் நிற்கிறார், குடிமகன் இங்கே புத்தகத்தோடு நிற்கிறான், நடுவில் சதுக்கம், ஒருவரை ஒருவர் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. வெயில் காலத்தில் மட்டும் திறப்பார்கள், பனிக்காலத்தில் கண்ணாடிக்குள் இருந்தபடி பார்க்கலாம். உங்கள் வரிகளைப் படித்தபிறகு அந்த இடத்தில் நான் முன்பு போல நிற்க மாட்டேன்.

நடுவீதி:

பனங்கூடல் எழுதியதற்குப் பிறகு பணத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கருத்தை முழுக்க மாற்றிக்கொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், கிளை நூலகம் முதலில், மையம் பிறகு, அதில் உறுதியாக இருக்கிறேன். தையல் மெஷின் விஷயத்தில் மட்டும் அக்காவிடம் தோற்றுவிட்டேன்.

ஒரு தகவல் வேண்டும். மகள் பிப்ரவரியில் வேலை விஷயமாக ஹெல்சிங்கி போகிறாள், அரை நாள்தான் கையில் இருக்கும். ஓடியில் எதைப் பார்க்கச் சொல்லட்டும்?

பனிப்பாதை:

ரயில் நிலையப் பக்கம் இருந்து நேராக உள்ளே நுழைய வேண்டாம் என்று சொல்லுங்கள். கியாஸ்மா பக்கமாகச் சுற்றிச் சதுக்கத்தின் நடுவுக்கு வந்து அங்கிருந்து நடந்து வரட்டும், அப்போதுதான் அந்த மர வளைவு எப்படித் தலைக்கு மேல் வந்து மூடுகிறது என்று தெரியும். உள்ளே நுழைந்ததும் மேலே பார்க்கச் சொல்லுங்கள், கொத்தனார்மகன் சொன்ன தூணில்லாத அகலம் புரியும். பிறகு நடு மாடி, அங்கிருந்து சுருள் படி வழியாக மேலே. மதியம் மூன்று மணிக்குள் மேல்மாடிக்குப் போய்விட வேண்டும், பிப்ரவரியில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். கூரையில் வட்டமான வான்சன்னல்கள் இருக்கின்றன, பனி பெய்துகொண்டிருந்தால் அவற்றுக்குக் கீழே ஒரு நாற்காலி பிடித்துப் பத்து நிமிடம் சும்மா உட்காரட்டும்.

சனி ஞாயிறாக இருந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஏட்டுச்சுவடி அக்கா சொன்ன சத்தம் நிஜம்.

ஏட்டுச்சுவடி:

தம்பி, மகள் திரும்பி வந்ததும் அந்தப் படிக்கட்டுச் சுவரில் என்னென்ன எழுதியிருந்தது என்று கேட்டு இங்கே போடுங்கள். முடிந்தால் நூலகர்களுக்கு என்று ஒரு சொல் இருக்கிறதா என்றும் பார்த்துவரச் சொல்லுங்கள்.